பழைய ஹோஸ்ட் சர்வரில் ஓடும் விஎம்களுக்கு ஓஎஸ் அப்கிரேடு: எங்கே தடுக்கும், எப்படிச் சரிசெய்வது

விஎம்முக்குள், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள், ஓஎஸ் அப்கிரேடு தோற்றுப்போனால் நாம் முதலில் சந்தேகப்படுவது அந்த ஓஎஸ்ஸைத்தான். பேக்கேஜ் மோதலா, ரெப்போ கோளாறா என்று உள்ளேயே துழாவிக்கொண்டிருப்போம். விஎம்களைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வர் பத்து வருடப் பழசாக இருந்தால், பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். விஎம் காணும் சிபியு, டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, பயாஸ் எல்லாமே ஹைப்பர்வைசர், அதாவது ஹோஸ்ட்டில் விஎம்களை ஓட்டும் மென்பொருள், காட்டுகிறவை. விஎம்மை உருவாக்கிய அன்று எதைக் காட்டச் சொன்னோமோ, அதையே இன்றுவரை அது காட்டிக்கொண்டிருக்கும். 2014-ல் சென்ட்ஓஎஸ் 7-க்காகப் போட்ட விஎம், ஹோஸ்ட்டை மாற்றிய பிறகும்கூட 2014-ன் வன்பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கலாம். புதிய ஓஎஸ் அந்த வன்பொருளை ஏற்காதபோது அப்கிரேடு கவிழ்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி ஹோஸ்ட்டில் தொடங்கி மேலே போகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ், லிப்வர்ட் வழியாக ஓடும் கேவிஎம், விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஆகிய ஹைப்பர்வைசர்களை விரிவாகவும், மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியைத் தேவையான இடங்களில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விஎம்முக்குள் ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ் அல்லது விண்டோஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு சிபியு பகுதியில் பாதிக் கவலை குறைவு. டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டும் இன்னும் அடிப்படை 64-பிட் சிபியுவிலேயே பூட் ஆகும்.

ஹோஸ்ட்டின் ஜாதகத்தை எடுங்கள்

முதலில் ஹோஸ்ட்டில் என்ன ப்ராசஸர் என்று பாருங்கள். இன்டெல் ஜியானில் 5500 வரிசை நெஹலம், 2009-ல் வந்தது. 5600 வரிசை வெஸ்ட்மியர், 2010. இ5-2600 சாண்டி பிரிட்ஜ், 2012. இ5 வி2 ஐவி பிரிட்ஜ், 2013. இ5 வி3 ஹாஸ்வெல், 2014. இ5 வி4 பிராட்வெல், 2016. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு உடனே பதில் கிடைத்துவிடும்.

ஏனென்றால் 64-பிட் சிபியுக்களை இப்போது வி2, வி3 என்று அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜியான் பெயரில் வரும் வி2, வி3 வேறு, இது வேறு. எக்ஸ்86-64-வி2 என்றால் எஸ்எஸ்இ4.2, எஸ்எஸ்எஸ்இ3, பாப்கவுன்ட் முதலிய கட்டளைகள் இருக்க வேண்டும். நெஹலமிலேயே அவை வந்துவிட்டன. எக்ஸ்86-64-வி3 என்றால் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2, எஃப்எம்ஏ போன்றவையும் வேண்டும். அது ஹாஸ்வெல்லில்தான் தொடங்குகிறது. 2022-ல் வந்த ரெட்ஹேட் 9 குறைந்தபட்சம் வி2 கேட்கிறது. 2025-ல் வந்த ரெட்ஹேட் 10 வி3 கேட்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பும் விண்டோஸ் சர்வர் 2025-ம் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் இரண்டும் இல்லாமல் ஓடாது. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையை ஏமாற்றும் ரெஜிஸ்ட்ரி வித்தைகள் இங்கே பலிக்காது. கெர்னலே அந்தக் கட்டளைகளோடு கம்பைல் ஆகியிருக்கிறது.

ஆக, ஐவி பிரிட்ஜ் ஹோஸ்ட்டில் ரெட்ஹேட் 9 தாராளமாக ஓடும், ரெட்ஹேட் 10 எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஓடாது. அந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 9-லேயே நிற்பது. அதற்கு 2032 மே வரை பாதுகாப்பு அப்டேட் வருகிறது. இன்னொன்று, ஆல்மாலினக்ஸ் 10. அவர்கள் வி2-க்கென்று தனி பில்டு தருகிறார்கள். ஆனால் வெளி ரெப்போக்களில் வரும் ஆர்பிஎம்கள் (ரெட்ஹேட் குடும்பத்து பேக்கேஜ்கள்) பெரும்பாலும் வி3-க்குக் கட்டியவை. உங்கள் டேட்டாபேஸ், மானிட்டரிங் ஏஜென்ட் போன்றவற்றுக்கு வி2 ஆர்பிஎம் கிடைக்குமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். என்னைக் கேட்டால் பழைய ஹோஸ்ட்டுக்கு 9-தான் நிம்மதி.

ஓஎஸ்ஸோடு அப்ளிகேஷனையும் பார்த்துவிடுங்கள். மாங்கோடிபி 5.0-லிருந்து ஏவிஎக்ஸ் கட்டாயம். ஓஎஸ் அழகாக ஏறிவிட்டு, டேட்டாபேஸ் மட்டும் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று செத்துப்போகும் விஎம்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

ஹோஸ்ட்டில் இருக்கும், விஎம்முக்குத் தெரியாது

அதிகமானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹோஸ்ட்டில் பிராட்வெல் இருக்கிறது, வி3 வரை எல்லாம் உண்டு. ஆனாலும் விஎம் பூட் ஆகும்போது கன்சோலில் இப்படி ஒரு வரி வந்து நிற்கும்: "ஃபேட்டல் ஜிலிப்சி எரர்: சிபியு டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2." அடுத்த வரியிலேயே கெர்னல் பேனிக், "அட்டெம்ப்டட் டு கில் இனிட்", எக்ஸிட்கோட் 0x00007f00. கெர்னல் எழுந்துவிட்டது. ஆனால் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி சிபியுவைப் பார்த்துவிட்டு மறுத்ததால், அது முதலில் தூக்கிவிட்ட ப்ரோக்ராம் ஓடவில்லை. கன்சோலில் பேனிக் வரியை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு மேலே இருக்கும் வரியைத் தேடுங்கள்.

காரணம் எளிது. ப்ராக்ஸ்மாக்ஸில் 8.0 வருவதற்கு முன் புது விஎம்முக்குத் தானாகக் கிடைத்த சிபியு வகை கேவிஎம்64. எந்த ஹோஸ்ட்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த, மிகக் குறைவான வசதிகள் கொண்ட மாடல் அது. 8.0-லிருந்து வலைப் பக்கத்தில் உருவாக்கும் விஎம்களுக்கு எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் விஎம்களின் செட்டிங்கை யாரும் தொடுவதில்லை. லிப்வர்ட்டிலும் இதே கதைதான். விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் சிபியு பகுதியே எழுதாமல் விட்டிருந்தால் கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்முக்கு வன்பொருளைக் காட்டும் கெமுவின் பொது மாடல்தான் வரும். அதுவும் வி2-ஐத் தொடாது.

சோதிக்கும் முறை: விஎம்முக்குள் போய் எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டி ஃப்ளாக்ஸ் வரியைப் பாருங்கள். எஸ்எஸ்இ4_2-ம் பாப்கவுன்ட்டும் இருந்தால் வி2 பெரும்பாலும் சரி. ஏவிஎக்ஸ்2-ம் பிஎம்ஐ2-ம் இருந்தால் வி3-க்கு வழி உண்டு. இதையே ஹோஸ்ட்டிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹைப்பர்வைசர் மறைத்து வைத்திருப்பது.

சரி, இதை எப்படி மாற்றுவது?

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரே ஒரு ஹோஸ்ட் என்றால் சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று வைத்துவிடலாம். கிளஸ்டரில் வேறுவேறு வயதுள்ள சர்வர்கள் இருந்தால் அது வேண்டாம், லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை அணைக்காமல் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) செய்யும்போது விஎம் நடுவழியில் நின்றுவிடும். எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொதுவான கீழ்மட்ட மாடலைத் தேர்ந்தெடுங்கள். நெஹலம் ஹோஸ்ட்டில் ஏஇஎஸ் (குறியாக்கக் கட்டளைகள்) கிடையாது, அதனால் அங்கே வெறும் எக்ஸ்86-64-வி2. வெஸ்ட்மியரிலிருந்து வி2-ஏஇஎஸ். லிப்வர்ட்டில் ஹோஸ்ட்-மாடல் அல்லது ஹோஸ்ட்-பாஸ்த்ரூ என்று எழுதினால் போதும்.

விஎம்வேரில் பார்க்க வேண்டியது இவிசி, அதாவது கிளஸ்டரில் எல்லா ஹோஸ்ட்டும் ஒரே மட்டத்துச் சிபியுவைக் காட்டச் செய்யும் செட்டிங். பல வருடங்களுக்கு முன் கிளஸ்டரை அமைத்தவர் அன்றிருந்த மிகப் பழைய சர்வருக்காக "மெரோம்" அல்லது "பென்ரின்" (இரண்டும் நெஹலமுக்கு முந்தையவை) என்று வைத்திருப்பார். அந்தச் சர்வரை எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள், செட்டிங் மட்டும் அப்படியே இருக்கும். அதை இப்போதிருக்கும் மிகப் பழைய ஹோஸ்ட்டின் மட்டத்துக்கு உயர்த்துங்கள். ஹைப்பர்-வியில் "வேறு பதிப்பு ப்ராசஸர் உள்ள கணினிக்கு மைக்ரேட் செய்ய" என்று ஒரு டிக் இருக்கும். அது எஸ்எஸ்இ4, பாப்கவுன்ட், ஏவிஎக்ஸ் அத்தனையையும் மறைத்துவிடும். தேவை இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்த மாற்றம் எதுவும் விஎம்முக்குள் ரீபூட் கொடுத்தால் வராது. விஎம்மை முழுவதுமாக பவர் ஆஃப் செய்து, மறுபடி ஹைப்பர்வைசரிலிருந்து ஆன் செய்ய வேண்டும். ரீபூட்டில் பழைய சிபியு வரையறையோடு அதே ப்ராசஸ் தொடர்ந்து ஓடுகிறது. விஎம்வேரில் நூற்றுக்கணக்கான விஎம்கள் இருந்தால், விஎம்எக்ஸ் கோப்பில் "விஎம்எக்ஸ்.ரீபூட்.பவர்சைக்கிள்" என்ற அமைப்பை ட்ரூ என்று போட்டுவைக்கலாம். அடுத்த முறை உள்ளிருந்து ரீபூட் ஆகும்போது அதுவே பவர் சைக்கிளாக மாறிவிடும். ராத்திரி வேலை மிச்சம்.

இன்னொரு சிக்கல் இதற்கு நேர் எதிரானது. ஹோஸ்ட்டின் கெர்னலையோ மைக்ரோகோடையோ (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்த பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த விஎம் ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். எச்எல்இ, ஆர்டிஎம் என்ற இரண்டு வசதிகள் ஹோஸ்ட்டில் இல்லை என்று பிழை வரும். அவை இரண்டும் அடங்கிய டிஎஸ்எக்ஸ் என்ற வசதியைப் பாதுகாப்புக் காரணத்துக்காக அணைத்துவிட்டதன் விளைவு அது. விஎம்மின் சிபியு மாடல் ஹாஸ்வெல் என்றிருந்தால் ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ் என்று மாற்றுங்கள். பிராட்வெல், ஸ்கைலேக் மாடல்களுக்கும் அப்படியே.

தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பேக்கப் எடுங்கள், அதை ஒருமுறை தனி விஎம்மாக ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரீஸ்டோர் ஆன விஎம்மின் நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிட்டோ, தனிமைப்படுத்திய ஒரு நெட்வொர்க்கில் வைத்தோ ஆன் செய்யுங்கள். ஒரே ஐபியில் இரண்டு சர்வர் வந்துவிடக் கூடாது. இந்த நகலிலேயே அப்கிரேடை ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகப் பலன் தரும் படி. எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே நிற்கும் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஸ்னாப்ஷாட். விஎம்மை அணைத்துவிட்டு எடுத்தால் சுத்தம். ஆனால் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, மூல டிஸ்க்கை நம்பித்தான் அது நிற்கிறது. "இன்டிபென்டன்ட்" என்று குறித்த டிஸ்க்குகளும் பிசிக்கல் மோடில் இணைத்த ரா டிவைஸ் மேப்பிங் டிஸ்க்குகளும் (ஸ்டோரேஜின் டிஸ்க்கை நேரே விஎம்முக்குக் கொடுப்பது) விஎம்வேர் ஸ்னாப்ஷாட்டில் சேராது. டேட்டா டிஸ்க் அப்படி இருந்தால், ஓஎஸ்ஸைப் பின்னுக்கு இழுத்தாலும் டேட்டா பின்னுக்கு வராது.

ஹோஸ்ட்டின் டேட்டாஸ்டோரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஓஎஸ் அப்கிரேடு என்பது சிஸ்டம் டிஸ்க்கில் பெரும்பகுதியைத் திருப்பி எழுதும் வேலை. எழுதுவதெல்லாம் ஸ்னாப்ஷாட்டின் டெல்டா கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். பழைய சர்வர்களில் டேட்டாஸ்டோர் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும். அது முழுசாக நிரம்பினால் இந்த விஎம் மட்டுமில்லை, அதே டேட்டாஸ்டோரில் இடம் கேட்கும் மற்ற விஎம்களும் நின்றுவிடும். ப்ராக்ஸ்மாக்ஸில் எல்விஎம்-தின் (எழுத எழுத இடம் ஒதுக்கும் டிஸ்க் முறை) பயன்படுத்துகிறவர்கள் டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா சதவீதத்தையும் பாருங்கள். மெட்டாடேட்டா நிரம்பினால் மீட்பது மிகக் கஷ்டம்.

கடைசியாக, கன்சோல். எஸ்எஸ்எச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள். லினக்ஸ் விஎம்முக்கு ஒரு சீரியல் போர்ட் சேர்த்து, கெர்னல் வரியில் கன்சோலை டிடிஒய்எஸ்0-க்கும் (அந்த சீரியல் போர்ட்டின் பெயர்) திருப்பிவிடுங்கள். திரையில் ஓடி மறையும் பிழைச் செய்திகள் எல்லாம் அப்போது எழுத்தாகவே கையில் கிடைக்கும். மேலே சொன்ன அந்த ஜிலிப்சி வரியை நிதானமாகப் படிக்க முடிவது இதனால்தான்.

எந்த வரிசையில் மாற்றுவது

ஹோஸ்ட்டின் பயாஸ், ஃபர்ம்வேர், ஹைப்பர்வைசர் பேட்ச் முதலில். பிறகு விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் அல்லது கெமு ஏஜென்ட். அதன் பிறகு விர்ச்சுவல் வன்பொருள். கடைசியில்தான் ஓஎஸ். நான்கையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது உடைத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஹோஸ்ட்டையே புதிய ஹைப்பர்வைசருக்கு ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இஎஸ்எக்ஸ்ஐ 7.0 வெஸ்ட்மியர் ஜியான்களைக் கைவிட்டது. அதே பதிப்பில் பழைய விஎம்கேலினக்ஸ் டிரைவர்களையும் நீக்கிவிட்டார்கள். அதனால் ப்ராசஸர் பட்டியலில் இருந்தாலும், பழைய ரெய்டு கார்டோ நெட்வொர்க் கார்டோ கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கார்டின் டிரைவர் எது என்பதை அப்கிரேடுக்கு முன்பே குறித்துவைத்துக்கொண்டு பொருத்தப் பட்டியலில் தேடுங்கள்.

விர்ச்சுவல் வன்பொருள் பதிப்பையும் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம். இஎஸ்எக்ஸ்ஐ 6.5-க்கு 13, 6.7-க்கு 14, 7.0-க்கு 17. 17-க்கு ஏற்றிய விஎம்மை 6.7 ஹோஸ்ட்டில் ஆன் செய்ய முடியாது. கிளஸ்டரில் மிகப் பழைய ஹோஸ்ட் எதுவோ அதுதான் எல்லை. ஹைப்பர்-வியின் கான்ஃபிகரேஷன் வெர்ஷனும் அப்படித்தான், ஏற்றினால் இறக்க வழியில்லை.

டிஸ்க் கன்ட்ரோலர்: பூட் நின்றுபோகும் இடம்

பழைய விஎம்களில் எல்எஸ்ஐ லாஜிக் பாரலல், ஐடிஇ மாதிரி கன்ட்ரோலர்கள் இருக்கும். ஓஎஸ் அப்கிரேடுக்கு முன் இதையும் விஎம்களுக்கென்றே செய்த பிவிஎஸ்சிஎஸ்ஐக்கோ (விஎம்வேர்) வர்ட்ஐஓவுக்கோ (கேவிஎம்) மாற்றுவது நல்லது. ஆனால் மாற்றிய உடனே லினக்ஸ் பூட் ஆகாமல் ட்ராகட்டின் அவசர ஷெல்லில் போய் விழும். இந்த யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) கொண்ட டிஸ்க் இல்லை என்று வரிசையாக எச்சரிக்கை வரும்.

டிஸ்க் எங்கும் போகவில்லை. ரெட்ஹேட் குடும்பத்தில் ட்ராகட் என்ற கருவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களைத் தரும் கோப்பு) கட்டும்போது அந்த நேரத்தில் மெஷினில் இருக்கும் வன்பொருளின் டிரைவர்களை மட்டும்தான் உள்ளே வைக்கிறது. புது கன்ட்ரோலரின் டிரைவர் அதில் இல்லை. இதற்கான வழி, பழைய கன்ட்ரோலரிலேயே பூட் செய்து, ட்ராகட்டின் கான்ஃபிகில் ஆட்_ட்ரைவர்ஸ் வரியில் விஎம்டபிள்யூ_பிவிஎஸ்சிஎஸ்ஐ அல்லது வர்ட்ஐஓ_பிஎல்கே, வர்ட்ஐஓ_எஸ்சிஎஸ்ஐ என்று சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டி, அதற்குப் பிறகு அணைத்து கன்ட்ரோலரை மாற்றுவது. ஏற்கெனவே மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் கவலைப்பட வேண்டாம். பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவின் கடைசியில் ரெஸ்க்யூ என்று ஒரு பதிவு இருக்கும். அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எல்லா டிரைவர்களும் இருக்கும். அதில் பூட் ஆகிவிட்டால் உள்ளேயிருந்தே சரிசெய்துவிடலாம்.

எஃப்எஸ்டேப் கோப்பையும் (எந்த டிஸ்க் எங்கே இணையும் என்ற பட்டியல்) ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் எஸ்டிஏ1 என்று நேரடியாக எழுதியிருந்தால் வர்ட்ஐஓ_பிஎல்கேவுக்கு மாறும்போது அது விடிஏ1 ஆகிவிடும். யூயூஐடியால் எழுதுங்கள்.

விண்டோஸில் இதே கோளாறு நீலத்திரையாக வரும், "இன்அக்ஸெசிபிள் பூட் டிவைஸ்" என்று. அங்கே செய்ய வேண்டியது வேறு. வர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இணைத்து, புது கன்ட்ரோலரில் ஒரு சின்ன காலி டிஸ்க்கை, ஒரு ஜிபி போதும், முதலில் மாட்டுங்கள். விண்டோஸ் பூட் ஆகி அந்த டிஸ்க்கை டிவைஸ் மேனேஜரில் காட்டியதும் அணைத்துவிட்டு, பூட் டிஸ்க்கை அந்தக் கன்ட்ரோலருக்கு மாற்றுங்கள். டிரைவர் அதற்குள் பூட் வரிசையில் பதிவாகியிருக்கும். பிவிஎஸ்சிஎஸ்ஐக்கும் இதே முறைதான், டிரைவர் விஎம்வேர் டூல்ஸோடு வருகிறது.

பூட் ஆனது, நெட்வொர்க் இல்லை

கார்டு வகையை இ1000-லிருந்து விஎம்எக்ஸ்நெட்3-க்கு மாற்றினால் லினக்ஸில் இடைமுகத்தின் பெயர் மாறும். பெரும்பாலும் இஎன்எஸ்192 என்று வரும். பழைய பெயருக்கு எழுதிய ஐஎஃப்சிஎஃப்ஜி (நெட்வொர்க் அமைப்பு) கோப்பு அதைக் கண்டுகொள்ளாது. மேக் முகவரியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நெட்வொர்க்மேனேஜர் இணைப்பைப் புதுப் பெயருக்குக் கட்டினால் முடிந்தது. ரெட்ஹேட் 10 ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகளைப் படிப்பதே இல்லை. ஆகவே 9-ல் இருக்கும்போதே அவற்றை நெட்வொர்க்மேனேஜரின் கீஃபைல் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

விண்டோஸில் புதுக் கார்டுக்குப் பழைய ஐபியைக் கொடுத்தால் "வேறொரு அடாப்டரில் இந்த முகவரி உள்ளது" என்று முனகும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

சென்ட்ஓஎஸ் 7-லிருந்து ஏறுவது

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதன் மிரர்லிஸ்ட் முகவரியும் இயங்குவதில்லை. அதனால் முதல் படியிலேயே, பேக்கேஜ்களை நிறுவும் யம் தடுமாறும். ரெப்போ கோப்புகளில் வால்ட் (பழைய பதிப்புகளின் காப்பகம்) முகவரியைப் போட்டு, 7.9 வரை முழுசாக அப்டேட் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆல்மாலினக்ஸ் தரும் எலிவேட் என்ற அப்கிரேடு கருவி, அடியில் ரெட்ஹேட்டின் லீப் கருவியைத்தான் பயன்படுத்துகிறது. 7-லிருந்து 8, 8-லிருந்து 9 என்று படிப்படியாகத்தான் போக முடியும், தாண்ட முடியாது.

லீப்பின் ப்ரீஅப்கிரேடு அறிக்கையைப் பொறுமையாகப் படியுங்கள். "இன்ஹிபிட்டர்" என்று குறித்தவை தீராமல் அது நகராது. பழைய விஎம்களில் அடிக்கடி வருபவை: கெர்னலிலிருந்து நீக்கப்பட்ட டிரைவர் லோடாகியிருப்பது, இத்0, இத்1 என்று கெர்னல் வைத்த பெயரில் ஒன்றுக்கு மேல் கார்டு இருப்பது, பூட் பார்ட்டிஷனில் இடம் இல்லாதது. கடைசியாகச் சொன்னது நிஜமான தலைவலி. அந்தக் காலத்தில் பூட்டுக்கு 200 எம்பி கொடுத்திருப்பார்கள். பழைய கெர்னல்களை நீக்கியும் போதவில்லை என்றால், விஎம் என்பதால் ஒரு சௌகரியம் இருக்கிறது. புதிதாக ஒரு சின்ன டிஸ்க்கைச் சேர்த்து பூட்டை அங்கே நகர்த்திவிடலாம், க்ரப்பை மறுபடி நிறுவ மறக்காதீர்கள்.

9-க்குப் போகும்போது சிபியு வி2 இல்லையென்றால் லீப்பே தடுத்துவிடும். அது நல்லதுதான். ஆனால் புதிய ஹோஸ்ட்டில் அப்கிரேடு செய்துவிட்டுப் பழைய ஹோஸ்ட்டுக்கு நகர்த்தினால் தடுக்க ஆளில்லை. பேனிக்கில்தான் தெரியவரும்.

விண்டோஸ் விஎம்கள்

சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. அதிலிருந்து 2022-க்கு நேராகப் போக வழியில்லை, 2016-லோ 2019-லோ ஒரு நிறுத்தம் வேண்டும். சர்வர் 2025 மட்டும் 2012 ஆர்2-லிருந்து நேரடியாக ஏற அனுமதிக்கிறது, ஆனால் மேலே சொன்ன சிபியு நிபந்தனையோடு.

விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ (பயாஸின் இடத்தில் வந்த புதிய ஃபர்ம்வேர்), செக்யூர் பூட், டிபிஎம் 2.0 வேண்டும். ஹோஸ்ட்டில் நிஜ டிபிஎம் சிப் இல்லையே என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விர்ச்சுவல் டிபிஎம்முக்கு அது தேவையே இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் அதை எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் தருகிறது. விஎம்வேரில் இஎஸ்எக்ஸ்ஐ 6.7-ம் வன்பொருள் பதிப்பு 14-ம் ஒரு கீ ப்ரொவைடரும் (குறியாக்கச் சாவிகளைத் தரும் சேவை) இருந்தால் போதும். பயாஸில் பூட் ஆகும் பழைய விஎம்மை முதலில் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றி, அணைத்து, ஃபர்ம்வேரை யுஇஎஃப்ஐக்கு மாற்றலாம். ஹைப்பர்-வியின் ஜெனரேஷன் 1 விஎம்முக்கு இந்த வழி அடைபட்டது. ஜெனரேஷன் 2-ல் புது விஎம் போடுங்கள்.

அப்கிரேடு பாதியில் பின்வாங்கி 0xC1900101 என்று எண் காட்டினால் அது கிட்டத்தட்ட எப்போதும் டிரைவர் பிரச்சினை. பாந்தர் அடைவில் இருக்கும் செட்டப்ஆக்ட், செட்டப்எர் பதிவுகளைப் பாருங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட்டின் செட்டப்டயக் கருவியை ஓட்டுங்கள். கழற்றிப்போட்ட ஹைப்பர்வைசரின் பழைய டூல்ஸ், பழைய ஆன்டிவைரஸ், பேக்கப் ஏஜென்ட் இவற்றை முன்பே நீக்கினால் பாதிப் பேருக்கு இந்த எண்ணைப் பார்க்கவே நேராது.

அப்கிரேடு ஒழுங்காக முடிந்தாலும் பழைய ஹோஸ்ட் பிற்பாடு காலை வாரலாம். 2023 பிப்ரவரியில் விண்டோஸ் சர்வர் 2022-க்கு வந்த கேபி5022842 அப்டேட்டுக்குப் பிறகு, இஎஸ்எக்ஸ்ஐ 7.0-லும் அதற்கு முந்தையதிலும் செக்யூர் பூட்டோடு இருந்த விஎம்கள் எழவே இல்லை. 7.0 அப்டேட் 3கே அதைச் சரிசெய்தது. 6.7 அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2022 அக்டோபரில் ஆதரவு இழந்திருந்ததால் அங்கே செக்யூர் பூட்டை அணைப்பதுதான் வழியாக இருந்தது. ஆதரவு முடிந்த ஹோஸ்ட்டில் புதுசான விஎம் வைப்பதில் இருக்கும் ஆபத்து இந்த வகையானது. விஎம்முக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், அடியில் இருப்பது மட்டும் அசையாது.

ஏறிவிட்டது, ஆனால் மெதுவாக இருக்கிறது

புதிய கெர்னல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைகளுக்கான பாதுகாப்புகளோடு வருகிறது. மெல்ட்டவுனுக்கான கேபிடிஐ, பிசிஐடி என்ற சிபியு வசதி இருந்தால் லேசாகவும், இல்லாவிட்டால் கனமாகவும் ஓடும். வெஸ்ட்மியரிலிருந்து ஹோஸ்ட்டில் அது உண்டு. ஆனால் கெமுவின் வெஸ்ட்மியர், சாண்டிபிரிட்ஜ், ஐவிபிரிட்ஜ் மாடல்களில் தானாகச் சேராது, நாம்தான் பிசிஐடி ஃப்ளாகைச் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸ் விஎம்களில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு அளந்து பாருங்கள்.

கூடவே விஎம்முக்குள் சிஸ் அடைவில் சிபியுவுக்குக் கீழ் வல்னரபிலிட்டிஸ் என்ற இடத்தில் உள்ள கோப்புகளைப் படியுங்கள். "கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்" என்றிருந்தால் விஎம் முயற்சி செய்கிறது, ஆனால் தேவையான வசதி அதன் கண்ணில் படவில்லை என்று பொருள். ஹோஸ்ட்டில் மைக்ரோகோட் இல்லை, அல்லது எம்டி-கிளியர் ஃப்ளாக் விஎம்முக்குத் தெரியவில்லை.

எப்போது அப்கிரேடே வேண்டாம்

ஓப்பன்விஇசட் மாதிரி கண்டெய்னர் வகை விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் விர்ச்சுவல் சர்வர்) என்றால் கெர்னல் ஹோஸ்ட்டுடையது. உள்ளே உபுண்டுவை ஏற்றினால் "கெர்னல் டூ ஓல்ட்" என்று ஜிலிப்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், லாகின்கூட முடியாது. ஹோஸ்ட் கெர்னல் 2.6.32 என்று கண்டால் தொடவே தொடாதீர்கள், டேட்டாவை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலரையும் நான் இருக்கும் இடத்திலேயே ஏற்ற மாட்டேன். புது விஎம் போட்டு, டொமைனில் சேர்த்து, ரோல்களை மாற்றிவிட்டுப் பழையதை இறக்குவது குறைந்த ஆபத்து. இரண்டு முறை ஏற்கெனவே அப்கிரேடான சென்ட்ஓஎஸ், யார் எதை நிறுவினார்கள் என்றே தெரியாத சர்வர், 32-பிட் மென்பொருள் தொங்கிக்கொண்டிருக்கும் விஎம், இவற்றுக்கும் புதிதாகக் கட்டுவதே சரி.

முடித்த பிறகு

இரண்டு முறை பவர் ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள். வேறொரு ஹோஸ்ட் இருந்தால், மிகப் பழைய ஹோஸ்ட்டில் ஒருமுறை பூட் செய்து காட்டுங்கள், எச்ஏ (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் விஎம்மை இன்னொன்றில் எழுப்பும் வசதி) நடந்தால் விஎம் போய் விழப்போவது அங்கேதான். டூல்ஸ், ஏஜென்ட், பேக்கப் மென்பொருள் மூன்றும் புது ஓஎஸ்ஸை அடையாளம் காண்கின்றனவா என்று பார்த்து, புதிதாக ஒரு முழு பேக்கப் எடுங்கள். விஎம்வேரில் விஎம்மின் கெஸ்ட் ஓஎஸ் வகையையும் மாற்றுங்கள். பழைய இஎஸ்எக்ஸ்ஐ பட்டியலில் உங்கள் பதிப்பு இல்லையென்றால் அதே குடும்பத்தின் அருகில் உள்ள பதிப்பு போதும்.

ஸ்னாப்ஷாட்டை மறக்காமல் நீக்குங்கள். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று விஎம்வேரே சொல்கிறது. பழைய சர்வரின் மெதுவான டிஸ்க்குகளில் பெரிய டெல்டாவை மூல டிஸ்க்கோடு சேர்ப்பதற்கு மணிக்கணக்காகும், அந்த நேரம் முழுக்க விஎம் இழுத்து இழுத்துத்தான் ஓடும். ஆளில்லாத நேரம் பார்த்துத் தொடங்குங்கள், முடியும்வரை ஹோஸ்ட்டை ரீபூட் செய்யாதீர்கள்.